தெளிவாகத் தெரிவதைத் தேர்ந்தெடுக்கவும்

ஜூன் 11, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் கம்ப்யூட்டர் மாறிப் போயிருந்தது. நேற்று இவர் அணைக்கப் போனபோது அப்டேட் வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளவா என்று கேட்டதாம். சரியென்று தட்டிவிட்டு வந்து படுத்துவிட்டார். இன்றைக்குத் திறந்தால் எழுத்தெல்லாம் நூலாக மெலிந்து, சாம்பல் பூசினாற்போல் வெளுத்துக் கிடக்கிறது.

"மங்கை, இங்கிட்டு வா. உனக்கு இது தெரியுதா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "தெரியுது. ஆனா மங்கலாத்தான் இருக்கு."

"மங்கலா? எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

எரிச்சலில் தலைவலி வேறு வந்துவிட்டது அவருக்கு. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். பள்ளி திறந்த வாரம். ஆபீஸில் புதுச் சேர்க்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை எனக்கு, நிமிர நேரமில்லை.

இவருக்கு அவர் நடத்தும் இணையதளம்தான் உலகம். தொலைபேசி இலாகாவிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வந்ததும் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தமிழ்க் குறுக்கெழுத்து. மலேசியாவிலிருந்தும் விடை வருகிறது, மணப்பாறையிலிருந்தும் வருகிறது. பூமிநாதன் ஐயா என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒரு கட்டம் வராது. ஒருமுறை என் பெயரையே விடையாக வைத்துக் குறிப்பு எழுதினார். அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்.

ஜூன் 12, புதன்

கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ரெஜினா டீச்சரிடம் கேட்டேன். "அப்டேட் போட்டா சில மெஷின்ல அப்படி ஆகும் அக்கா, எழுத்தைப் பெருசாக்கிப் பாருங்க" என்றார். மாலையில் வந்து பெரிதாக்கினேன். முதலில் ஒரு சுற்று, பிறகு இன்னும் ஒன்று. கடைசியில் ஒரு வார்த்தை கொட்டை கொட்டையாகத் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இப்போ?"

"எறும்பு பெருசாயிருச்சு" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். காபியை எடுக்கக் கை நீட்டி, டம்ளரைத் தட்டிவிட்டார். வலது பக்கம் டம்ளர் வைத்ததே தெரியவில்லையாம். வீட்டில் கவனமே இல்லை, புத்தியெல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

ஜூன் 13, வியாழன்

இட்லியைச் சாப்பிட்டுவிட்டுச் சட்னியே வைக்கலையா என்கிறார். தட்டின் வலது ஓரத்தில் அப்படியே இருந்தது. பேப்பரும் பிரிக்காமல் கிடக்கிறது. கம்ப்யூட்டர் சரியானால்தான் மனுஷர் சரியாவார்.

ஜூன் 14, வெள்ளி

இன்று சரி பண்ணிவிட்டேன். நானே.

கட்ட நாள் என்பதால் அரை நாள் லீவு போட்டு வந்தேன். இந்த வாரக் கட்டம் போன வாரமே தயார். பொத்தானை அமுக்கி வெளியிட வேண்டியதுதான் பாக்கி. "எது எங்க இருக்குன்னு தெரியலை, நீயே அமுக்கு" என்றார். அமுக்கினேன். அப்புறம் பெங்களூரில் இருக்கும் மகளைப் போனில் பிடித்தேன்.

"அம்மா, எழுத்தைக் கூர்மையாக்க உள்ளேயே ஒரு வசதி இருக்கு. பெட்டி பெட்டியா ஒரே வரியைக் காட்டும். எது நல்லாத் தெரியுதோ அதை அமுக்கணும். அவ்வளவுதான்" என்றாள் இனியா. எங்கே போய், எதைத் திறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். தமிழுக்கென்று தனியாக ஒரு எழுத்து வகையைத் தேர்ந்தெடுக்கவும் சொல்லித் தந்தாள்.

கண் அவருடையதாயிற்றே, அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார வைத்தேன். மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி. தெளிவாகத் தெரிவதைத் தேர்ந்தெடுக்கவும் என்று அர்த்தம். கீழே இரண்டு பெட்டி.

"எது நல்லா இருக்கு?"

"இது." இடது பக்கம்.

அடுத்த திரையில் பெட்டிகள் கூடின. மறுபடி இடது ஓரத்தில் இருந்ததையே காட்டினார். அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

"வலது பக்கம் இருக்கறதையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

முடித்ததும் நான் பார்த்தேன். கொஞ்சம் தடித்துப் போனதே தவிர எனக்கு ஒப்பவில்லை. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் முதலிலிருந்து நானே தேர்ந்தெடுத்தேன். பிறகு அவருடைய தளத்தைத் திறந்தேன். அடேயப்பா! ஒவ்வொரு எழுத்தும் கறுப்பு எள்ளைப் பொறுக்கி வைத்தாற்போல் நின்றது. சுழியும் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன. எனக்கே குறுக்கெழுத்துப் போடலாமா என்று ஆசை வந்தது.

அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். தூத்துக்குடி குலசேகரன் போட்டிருந்த கருத்துதான் திரையில் இருந்தது. அந்த மனிதர் வாராவாரம் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். இந்த முறை இப்படி எழுதியிருந்தார்: 'ஏழாவது குறிப்பு முழுத் தப்பு. ஐயாவுக்கு வயதாகிவிட்டதோ?'

இதைப் படித்தால் வீடு இரண்டுபடும் என்று தெரியும். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். "நல்லாச் செஞ்சுட்ட மங்கை."

என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார். போகும்போது கதவு நிலையில் வலது தோள் இடித்தது.

களைப்பாக இருப்பார். கோபப்படக்கூடத் தெம்பில்லை போலிருக்கிறது.

ஜூன் 15, சனி

துணி துவைத்தேன். பரணில் இருந்த பெட்ஷீட்டையெல்லாம் எடுத்துத் துவைத்தேன். அழுக்கில்லாததையும் துவைத்தேன். திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது.

கடைக்குப் போக வேண்டியிருந்தது. அடுப்படியிலிருந்து நான் சொல்லச் சொல்ல இவர் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார். துவரம்பருப்பு, பெருங்காயம், சலவை சோப்பு. எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கை துடைத்துக்கொண்டு வந்து, "விட்டுப்போச்சான்னு ஒருதரம் வாசிங்க" என்றேன்.

தாளைப் பார்த்தார். தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"மங்கை, இதை நான்தான எழுதுனேன்?"

"ஆமாங்க. இப்பத்தான் எழுதுனீங்க."

"நாந்தான் எழுதுனேன்னு தெரியுது. கைக்கு ஞாபகமிருக்கு. ஆனா எனக்கு இது எழுத்தாவே தெரியலை. சீன எழுத்து மாதிரி இருக்கு."

தாளை வாங்கிப் பார்த்தேன். அவருடைய முத்து முத்தான கையெழுத்து. ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.

"எப்ப இருந்துங்க?"

"அன்னைக்கிருந்து. கம்ப்யூட்டர்னு நெனச்சேன். பேப்பரும் அப்படி இருந்தப்ப கண்ணாடின்னு நெனச்சேன். அப்புறம்..." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ அவ்வளவு பாடுபட்டுச் சரிபண்ணிட்டு நின்ன. தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

அடுப்பை அணைத்தேன். செருப்பு மாட்டியது ஞாபகமில்லை. ஆட்டோவில் ஏறியபிறகுதான் பார்த்தேன், கையில் கரண்டி இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். மூளையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. பக்கவாதத்தில் இது ஒரு வகையாம். கை, கால், பேச்சு எதையும் தொடாமல் படிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

டாக்டரம்மா சின்ன வயசு. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "கண்ணு நல்லாத்தான் பாக்குதும்மா. பாத்ததை வார்த்தையா மாத்துற இடத்துக்குப் போற வழி அடைபட்டுப் போச்சு. எழுதுறதுக்கு வேற வழி. அது அடைபடலை. அதான் எழுத முடியுது, எழுதினதைப் படிக்க முடியலை. வலது பக்கப் பார்வையும் குறைஞ்சிருக்கு, கவனிச்சீங்களா?"

டம்ளரும் சட்னியும் கதவு நிலையும் வரிசையாக வந்து நின்றன. இடது பக்கப் பெட்டிகளும்தான்.

"கம்ப்யூட்டர் அப்டேட்டுன்னு நெனச்சோம்மா" என்றேன். "எனக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணா வந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்" என்றார். இன்னொரு தடவை வராமல் பார்த்துக்கொள்ள மருந்து எழுதினார். படிப்பு திரும்புமா என்று கேட்டேன். கொஞ்சம் திரும்பலாம், பழையபடி வேகமாக வராது என்றார். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 21, வெள்ளி

இனியா வந்திருக்கிறாள். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டாள். இந்த வாரம் கட்டம் வரவில்லையே என்று விசாரித்து மெயில்கள் வந்திருக்கின்றன. "என்ன பதில் போடட்டும்பா?" என்று கேட்டாள். "ஒண்ணும் போடாத" என்றார்.

ஜூன் 24, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. வந்ததும் முதல் பேச்சு, "தளத்தை மூடிரு."

"எதுக்கு?"

"படிக்கத் தெரியாதவனுக்குக் கட்டம் என்ன வேண்டிக்கெடக்கு?"

"எழுதத் தெரியுதுல்ல."

"என்ன எழுதுனேன்னு தெரியலையே."

"எனக்குத் தெரியும்ல. நான் படிக்கறேன்."

"உனக்குக் கட்டமே பிடிக்காது." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எப்படி மூடுவதென்று தெரியாது, ரெஜினா டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரியும்.

ஜூன் 27, வியாழன்

இனியா ஊருக்குப் போய்விட்டாள். தெருமுனை வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் இவர் பழைய டிக்‌ஷனரியை மடியில் விரித்துவைத்துத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடினார். நானும் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போனேன். வெங்காயம் உரித்தேன். சமையலுக்கு வெங்காயம் வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் வாசிப்புப் பயிற்சிக்கு முதல் நாள். ஹசீனா என்று ஒரு பெண். அட்டையில் பெரிதாக ஓர் எழுத்தைக் காட்டினார். இவருக்குத் தெரியவில்லை. முகம் சிறுத்துப் போயிற்று.

"சார், கண்ணை மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவருடைய உள்ளங்கையில் விரலால் எழுதினார்.

"ம" என்றார் இவர், பட்டென்று.

"இப்பக் கண்ணைத் திறந்து, அட்டையில இருக்கற கோட்டு மேல நீங்களே விரலை ஓட்டுங்க."

ஓட்டினார். கீழே இறங்கி, படுத்து, ஏறி, சுற்றிவந்தது விரல். "இதுவும் ம." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் 'ம'தாம்மா!"

"எழுதுற கைக்கு எழுத்து தெரியும் சார். அது கண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும். மெதுவாத்தான் சொல்லும்."

இவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஹசீனா எழுந்து தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போய், கொஞ்சம் தாமதித்தே வந்தார். நல்ல பெண்.

ஜூலை 5, வெள்ளி

பேப்பர் தலைப்பில் ஒரு வார்த்தை. 'மழை'. விரல் ஓட்டி 'ம' வந்துவிட்டது. அடுத்ததில் கொம்பு முதலில் நிற்கிறது, அதன் சத்தமோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. விரல் அங்கே போய்க் குழம்பி நின்றது. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, சொல்லவில்லை. அவரே சொன்னார். சொல்லிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார், நிஜமாகவே மழை வருகிறதா என்று. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறேன், அவர் தூங்குகிற மதிய நேரங்களில் தளத்தில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரைச் சரி பண்ணினால் போதாது, தளத்தையே அவர் விரலுக்கு ஏற்றமாதிரி மாற்ற வேண்டும் என்று தோன்றியது. ரெஜினா டீச்சர் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். எழுத்து பெரிதாக, தடிமனாக. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விரல் போக இடம். கூசும் வெள்ளைப் பின்னணியை எடுத்துவிட்டு மோர் நிறம். சாம்பல் எழுத்தெல்லாம் நல்ல கறுப்பு. வரி நீண்டால் வலது பக்கம் அவருக்குத் தப்பிவிடும், அதனால் சின்னச் சின்ன வரிகள். ஓரிடத்தில் எதையோ அழித்துத் தளம் முழுவதும் காணாமல் போய், ஒரு மணி நேரம் முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மீட்டுக் கொடுத்தார்.

எழுத்தை வாசித்துக் காட்டும் ஒரு குரலையும் கம்ப்யூட்டரில் போட்டேன். அது பழைய குறிப்பு ஒன்றை வாசித்தது. 'ழ'வையெல்லாம் 'ள' ஆக்கிக்கொண்டு, மூச்சே விடாமல். உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"யாருடி அவன், தமிழைக் கொலை பண்றவன்?"

"மெஷினுங்க."

"நிறுத்து அதை. நீ வாசி."

வாசித்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். மோர் நிறத்தையும் தடித்த எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலை நீட்டி, கண்ணாடித் திரையில் படாமல் ஒரு எழுத்தின் மேல் ஓட்டினார்.

"இது எப்பப் பண்ணுன?"

"சும்மா, பொழுது போகாம."

"மூடத் தெரியலைன்ன?"

சாதம் வடிக்கப் போனேன்.

ஜூலை 11, வியாழன்

கட்டம் போடுகிறோம். அவர் கீபோர்டைப் பார்க்காமலே அடிக்கிறார். அந்தக் கால டைப்பிங் கை. அடித்ததை நான் வாசிக்கிறேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. எனக்குத்தான் திரையைப் பார்த்தும் வரிசை தப்புகிறது.

ஒரு குறிப்பு: 'தலை போனால் மீன் பிடிக்கலாம், இருந்தால் தூக்கம் வராது. மூன்று எழுத்து.'

வாசித்துவிட்டு அப்படியே நின்றேன். மீன் பிடிக்க வலை. தலையில் ஒரு எழுத்து சேர்த்தால்...

"கவலை!" என்று கத்திவிட்டேன்.

நான் கண்டுபிடித்த முதல் கட்டம். இவர் என்னையே பார்த்தார். "ஒரு மாசமா அது இருக்கற மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தேன். அதான் குறிப்பு தன்னால வந்துச்சு" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

வெளியிட்டோம். இருவரும் சேர்ந்து அமுக்கினோம். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது பற்றி ஒரு வரி போடலாமா என்றேன். யோசித்துவிட்டு, "போடு. என்னன்னு விளக்க வேணாம். இனிமே மங்கையும் சேர்ந்து போடுற கட்டம்னு மட்டும் போடு" என்றார்.

ஜூலை 13, சனி

கருத்துகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் எழுத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். கொஞ்ச காலமாகப் படிக்கக் கண் வலித்தது, சொல்லச் சங்கடமாக இருந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன் என்று ஈப்போவிலிருந்து ஒரு அம்மா. எனக்கு நன்றியாம். எனக்கு!

குலசேகரனும் எழுதியிருந்தார். வாசிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வாசித்தேன்.

"'ஐயா மீண்டு வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் வலையில் பறவையும் பிடிக்கலாம், மான்கூடப் பிடிக்கலாம். மீன் மட்டும் என்று எப்படிச் சொன்னீர்கள்?'"

"மீன் மட்டும்னு எவன் சொன்னான்?" நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "மீன் பிடிக்கலாம்னுதான சொன்னேன்? மீனைத் தவிர வேற எதையும் பிடிக்கப்படாதுன்னா சொன்னேன்? அந்தாளுக்குக் குறிப்பு படிக்கவே தெரியலை! எழுது மங்கை, நான் சொல்றேன், எழுது!"

எழுதினேன். ஒரு பக்கத்துக்குத் திட்டினார். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னக்கா சத்தம்?" என்று விசாரித்தார்.

"ஒண்ணுமில்ல, அண்ணனுக்குச் சரியாயிருச்சு" என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிற நாள். எப்போதும் ஆட்டோதான். இன்று பஸ்ஸில் போகலாம் என்று பிடிவாதம். பழங்காநத்தம் நிறுத்தத்தில் நின்றோம். அவருக்கு வலது பக்கம் நான் நின்றுகொண்டேன். இப்போதெல்லாம் அதுதான் என் இடம்.

தூரத்தில் பஸ் வந்தது. எங்கள் பஸ்தான். கை காட்டப் போனேன்.

"சொல்லாத" என்றார். "நான் படிக்கிறேன்."

பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. இவர் நெற்றிப் பலகையைப் பார்த்தபடி, தொடையில் ஆள்காட்டி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்.

"மா..."

கண்டக்டர் எங்களைப் பார்த்தார். "ஏறுறீங்களாம்மா?"

நான் இவரைப் பார்த்தேன். "ட்... டு..."

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றேன். கண்டக்டர் எங்கே காத்திருப்பார், பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. இவர் பலகையை விடாமல், அதனோடு கூடவே நடந்தார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"த்... தா... வ... மாட்டுத்தாவணி! மங்கை, மாட்டுத்தாவணி!"

நிறுத்தத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். புகையைக் கக்கிக்கொண்டு பஸ் திருப்பத்தில் மறைந்தது.

"நம்ம பஸ்ஸுல்ல அது?" என்றார்.

"நம்ம பஸ்தான்."

"போயிருச்சே."

"போகட்டும். வேற வரும்."

அடுத்து வந்தது ஆரப்பாளையம். அதையும் படித்தார். அது எங்களுக்கு வேண்டாத பஸ், ஆனாலும் முழுக்கப் படித்து முடிக்கும் வரை நான் பேசவில்லை. அதற்கடுத்து வந்ததில் ஏறினோம்.

போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை போய்விட்டிருந்தது. ஏம்மா இவ்வளவு லேட்டு, ஆட்டோ கிடைக்கலையா என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்லம்மா, சார் பஸ் படிச்சுட்டு இருந்தாரு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. இவர் எனக்கு இடப்பக்கம் நின்று, சுவரில் எழுதியிருந்த 'அமைதி'யில் விரலால் 'அ' போட ஆரம்பித்திருந்தார்.